ஊர் மேப்ல ஒரு தெருவையே காணோம் - அஞ்சாப்பு புள்ளைங்களுக்கு குடிமையியல் எப்படி சொல்லிக்குடுக்கறீங்க?

அஞ்சாப்பு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், இன்னைக்கு ஒரு விஷயம் கேக்கணும். டெல்டா பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளில இருக்கேன், ஊர் பேர் வேணாம். ஒண்ணு ரெண்டு மூணு எச்எம் பாத்துக்கறாங்க, நாலும் அஞ்சும் என்கிட்ட, ரெண்டும் சேத்து 23 புள்ளைங்க. தமிழ் கணக்கு இங்கிலீஷ்னு முடிச்சு, அந்த ஆன்லைன் பதிவெல்லாம் ஏத்தி முடிச்சு பாத்தா சமூக அறிவியலுக்கு கடைசி பீரியட்ல அரை மணி நேரம் மிஞ்சுனா பெரிய விஷயம்.

போன வாரம் உள்ளாட்சி பத்தி பேசிட்டிருந்தோம். கிராம சபை வருஷத்துக்கு எத்தன தடவ நடக்கும்னு கேட்டா "ஆறு டீச்சர்"னு எல்லாம் ஒரே குரல்ல சொல்லுதுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, தேதியெல்லாம் தண்ணி பட்ட பாடு. சரி நம்ம ஊர்ல அது எங்க நடக்கும்னு கேட்டேன். ஒரு சத்தம் இல்ல. அது எங்க பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலதான் நடக்குது, அந்த மரத்துல தெனமும் ஏறி எறங்குற புள்ளைங்கதான் இதுங்க.

எனக்கு மனசு கேக்கல. மறுநாள் புத்தகத்த மூடி வச்சிட்டு நாலு சார்ட் பேப்பர் குடுத்து ஊர் படம் வரைய சொன்னேன். யார் யார் எந்த குழுன்னு நான் பிரிக்கல, பக்கத்து பக்கத்து வீட்டு புள்ளைங்களா சேந்துக்கிச்சுங்க. அதுதான் நான் செஞ்ச தப்பு. ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா மூணு சார்ட்ல கோயில், கொளம், பஸ் ஸ்டாப், டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் இருக்கு, வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கற தெரு மட்டும் இல்ல. வாய்க்காலோட பேப்பர் முடிஞ்சிருது. நாலாவது சார்ட் அந்த தெரு புள்ளைங்க நாலு பேர் வரைஞ்சது. அதுல அவங்க தெரு நடுவுல, வீடு வீடா, ஆட்டுக்கொட்டாய் மொதக்கொண்டு. ஊர் ஓரத்துல ரெண்டு கோடு.

மூணாவது குழுல ஒரு பொண்ணுகிட்ட ஏம்மா அந்த தெருவ போடலன்னு கேட்டேன். "அது எங்க ஊர் இல்ல டீச்சர், அது காலனி"ன்னு சொல்லிச்சு. அந்த பொண்ணு மனசுல ஒரு கெட்டதும் கெடையாது, ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்ற மாதிரி சொல்லிச்சு. நாலாவது குழுல ஒரு பையன் தலைய தூக்காம மரத்துக்கு பச்சை அடிச்சிக்கிட்டே இருந்தான், அடிச்ச எடத்துலயே திரும்ப திரும்ப அடிச்சு பேப்பர் நைஞ்சு போச்சு. அதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிருச்சு, நானும் விட்டுட்டேன்.

பாடப்புத்தகத்து மொத பக்கத்துலயே "தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்"னு அச்சடிச்சிருக்கு. வருஷம் பூரா அந்த பக்கத்த தாண்டித்தான் பாடத்துக்கே போறோம். பத்து வயசு புள்ளைங்ககிட்ட இத எப்படி பேசறது? பேசணுமா வேணாமா? பேசறதுன்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ரிட்டயர்ட் எச்எம் எழுதியது:

டீச்சரம்மா, மொதல்ல அந்த பொண்ண திட்டாம விட்டீங்களே, அதுக்கே உங்கள பாராட்டணும். நான் 34 வருஷம் தொடக்கப்பள்ளில இருந்தவன். எங்க காலத்து புத்தகத்துல மூணு வரி இருக்கும், தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்னு. புள்ளைங்க அத ராகம் போட்டு படிக்கும். ஒரு தடவ ஒரு பையன் எழுந்து நின்னு "சார் தீண்டாமைன்னா என்ன சார்"னு கேட்டான். நான் "பெரிய க்ளாஸ் போனா தெரியும் உக்காரு"ன்னுட்டேன். அந்த பதில் இன்னைக்கும் என் நெஞ்சுல முள்ளா இருக்கு, அதனாலதான் இத எழுதறேன்.

என் அனுபவத்துல பேச்சுல ஆரம்பிக்காதீங்க, காலால ஆரம்பிங்க. பள்ளிக்கூட கேட்லேருந்து நடக்க சொல்லுங்க. காலைல ஒரு குச்சிய நட்டு நிழல் எந்த பக்கம் விழுதுன்னு பாத்து திசைய அவங்களே கண்டுபிடிக்கட்டும், வடக்க மேல வச்சு படம் போட பழக்குங்க. தூரத்த எட்டு வச்சு எண்ணட்டும், நூறு எட்டுக்கு பேப்பர்ல ஒரு வெரல்கடைன்னு கணக்கு. அப்படி அளந்து வரையும்போது பிடிச்ச எடத்த பெருசாவும் பிடிக்காத எடத்த சின்னதாவும் போட முடியாது. வாய்க்கால் பாலம் வந்ததும் படம் நின்னு போகாது, எட்டு எண்ணிக்கிட்டே அந்தாண்ட போய்த்தான் ஆகணும். குழுவ இந்த தடவ நீங்க பிரிங்க.

நொய்யல் கரை எழுதியது:

ஏனுங்க டீச்சர், கோவிச்சுக்காதீங்க, என் மனசுல பட்டத சொல்றனுங்க. என் பொண்ணும் நாலாவதுதான் படிக்கறா. பசங்களுக்கு இந்த வயசுல அதெல்லாம் தெரியாதுங்க. எல்லாருங் கூடி ஒண்ணா உக்காந்து சாப்பிடுதுங்க, ஒண்ணா ஓடியாடுதுங்க. நாமளா போயி இது இப்படி அது அப்படின்னு சொல்லி ஏன் அந்த வெதய போடணும்? தேசிய கொடி, தேசிய கீதம், நம்ம நாடு எப்படி சுதந்திரம் வாங்குச்சு, ஒத்துமையா இருக்கோணும், இத மட்டும் நல்லா சொல்லிக்குடுத்தா பத்தாதுங்களா? அந்த பொண்ணு சும்மா வரைய எடமில்லாம கூட விட்டிருக்கலாமுங்க.

வாய்க்கா மேடு எழுதியது:

நொய்யல் கரை அண்ணே, மரியாதையோடயே சொல்றேன். நான் அந்த நாலாவது சார்ட் பையன். இந்த டீச்சர் ஊர் இல்ல, வேற மாவட்டம், ஆனா அதே வாய்க்கால், அதே பாலம். இந்த வயசுல பசங்களுக்கு தெரியாதுன்னு சொல்றீங்க. தெரியாதது யாருக்குன்னு யோசிச்சு பாருங்க. எனக்கு ஆறு வயசுலயே தெரியும். எந்த வீட்டு திண்ணைல உக்காரலாம், எந்த வீட்டுல பந்து விழுந்தா வாசல்லயே நின்னு கூப்புடணும், எல்லாம் தெரியும். யாரும் வெத போட வேணாம், வெளைஞ்சுதான் இருக்கு.

நாலாவதுல எனக்கு லெட்டர் எழுதற பாடம், சொந்த விலாசம் எழுதணும். நான் எங்க தெரு பேர எழுதினேன், எங்க தெருவுக்கு ஒரு பேர் இருக்கு, எங்க தாத்தா காலத்துலேருந்து. வாத்தியார் அத அடிச்சுட்டு "காலனின்னு எழுது, அப்பதான் போஸ்ட்மேனுக்கு தெரியும்"னு சொன்னார். அவர் நல்ல மனுசன்தான், எனக்கு நோட்டு வாங்கி குடுத்திருக்கார். ஆனா அந்த செவப்பு மை கோடு எனக்கு 40 வயசாகியும் ஞாபகம் இருக்கு. 2025 ஏப்ரல்ல சட்டசபைல முதலமைச்சர் காலனிங்கற சொல்ல அரசு பதிவுலேருந்து எடுக்கப்போறோம்னு அறிவிச்ச அன்னைக்கு நான் செய்தி பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தேன்.

டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த பையன எழுப்பி நிக்க வச்சு "உங்க தெருவ பத்தி சொல்லு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அவன் பாவம்னு மத்த புள்ளைங்க பாக்கற மாதிரி எதுவும் செஞ்சிடாதீங்க. அவன் மறுபடி தலைய குனிஞ்சுக்குவான். அவனுக்கு ஒரு வேலை குடுங்க, அளக்கற வேலை, எண்ற வேலை, எதுவா இருந்தாலும். அது போதும்.

தமிழய்யா எழுதியது:

வாய்க்கா மேடு தம்பி எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நொய்யல் கரை சாருக்கு ஒரு விஷயம் நினைவுபடுத்தறேன். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், பன்னெண்டாவது படிக்கற பையன கூட படிக்கற பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அதுக்கப்பறம்தான் நீதிபதி சந்துரு குழு போட்டு 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு, கைல கலர் கயிறு கட்டறது மொதக்கொண்டு அதுல பேசியிருக்காங்க. அந்த பசங்க அஞ்சாவது படிச்சப்ப அவங்களும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருப்பாங்கதானே. நடுவுல ஏழு வருஷத்துல என்ன ஆச்சு? நாம பேசாம விட்ட எடத்துல வேற யாரோ பேசிட்டாங்க.

டீச்சருக்கு நான் ஒரு தமிழ்ப்பாடம் சொல்றேன், குடிமையியலுக்கு ஒதவும். நம்ம மொழில நாம், நாங்கள்னு ரெண்டு இருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்தான். நாங்கன்னா எதிர்ல நிக்கறவர் அதுல சேத்தி இல்ல, நாமன்னா அவரும் சேத்தி. நாலு வயசு கொழந்தைக்கு இலக்கணம் தெரியாது ஆனா "எங்க வீடு", "நம்ம வீடு" வித்தியாசம் தெரியும், தப்பாவே பேசாது. உங்க பொண்ணு என்ன சொல்லிச்சு? "எங்க ஊர் இல்ல"ன்னு. அந்த "எங்க"ல நீங்க கூட சேத்தி இல்ல, கவனிச்சீங்களா?

இப்ப அரசமைப்புச் சட்டத்து முகப்புரைய தமிழ்ல எடுத்து பாருங்க, "இந்திய மக்களாகிய நாம்"னு ஆரம்பிக்குது. நாங்கள்னு போடல. 1949 நவம்பர் 26 அன்னைக்கு அத ஏத்துக்கிட்டப்ப இருந்த இங்கிலீஷ் வாசகத்துல இந்த பிரிவே கெடையாது, தமிழுக்கு கொண்டு வந்தவங்க ரெண்டுல ஒண்ண தேர்ந்தெடுத்தாகணும், சரியானத தேர்ந்தெடுத்தாங்க. அந்த ஒரு சொல்ல மட்டும் கரும்பலகைல எழுதி, நாங்கள்னு போட்டிருந்தா யார் யாரெல்லாம் விட்டுப்போயிருப்பாங்கன்னு புள்ளைங்கள கேளுங்க. அதுவே ஒரு பீரியடுக்கு போதும்.

ஊராட்சி கிளார்க் எழுதியது:

வணக்கம். நான் ஊராட்சி செயலரா 19 வருஷமா இருக்கேன், எல்லாரும் கிளார்க்குன்னுதான் கூப்பிடுவாங்க. இந்த பாடத்த எப்படி நடத்தறாங்கன்னு எனக்கு தெரியாது, ஆனா 40 வயசு ஆளுங்க கூட விஏஓ யாரு, நான் யாருன்னு தெரியாம வராங்க. பட்டா, சிட்டா, வருமான சான்று எல்லாம் வருவாய்த்துறை, அது விஏஓ, தாசில்தார் வழி. தெருவெளக்கு, குடிதண்ணி, சாக்கடை, சுடுகாட்டு பாதை, தெரு கூட்டறது, வீட்டு வரி, இது ஊராட்சி. ரேஷன் கடை ரெண்டுலயும் சேராது. இன்னொண்ணு, தெருல நிக்குதே கம்பம், அது ஈபி, அதுல எரியற வெளக்கு நாங்க பாக்கணும். கம்பம் சாஞ்சா அவங்க, பல்ப் போனா நாங்க. இத தெரியாம எத்தனையோ பேர் மாத்தி மாத்தி அலையறாங்க. அஞ்சாப்புலயே இத சொல்லிக்குடுத்தா அந்த புள்ளைங்க அப்பா அம்மாவுக்கு சொல்லும்.

கிராம சபைக்கு கோரம், அதாவது கொறஞ்சது இத்தன பேர் வரணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதையும் கணக்கு பாடமாவே வைக்கலாம். 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேர் வரணும், 501லேருந்து 3,000னா 100 பேர், 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. நம்ம ஊருக்கு எத்தன பேர் வரணும், போன தடவ எத்தன பேர் வந்தாங்கன்னு எண்ண சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, டீச்சர். 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த மாவட்டங்கள்ல 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு போச்சு. பாடத்துல ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்னு இருக்கும், உங்க ஊர்ல இப்ப அந்த நாற்காலில யாரும் இல்ல, தனி அலுவலரா பிடிஓதான் (வட்டார வளர்ச்சி அலுவலர்) கையெழுத்து போடறார். 2016லேருந்து 2019 வரைக்கும் இதே நெலமைதான். புள்ளைங்க தலைவர் யாருன்னு கேட்டா பழைய தலைவர் பேர சொல்லி அனுப்பிடாதீங்க, உள்ளத சொல்லுங்க. தேர்தல் வந்தாத்தான் தலைவர், அது வரைக்கும் அதிகாரி. அதுலயே ஒரு பாடம் இருக்கு.

ரெண்டு புள்ள அம்மா எழுதியது:

நான் டீச்சர் இல்ல, சென்னைல இருக்கேன், பையன் தனியார் ஸ்கூல்ல மூணாவது. இங்க இதெல்லாம் ப்ராஜெக்ட்தான். "நமக்கு உதவுவோர்"னு கேப்பாங்க, ஸ்டேஷனரி கடைல போஸ்ட்மேன் போலீஸ் டாக்டர் படம் போட்ட சார்ட் பத்து ரூபாய்க்கு கெடைக்கும், ராத்திரி ஒம்பது மணிக்கு நான் வெட்டி ஒட்டி அனுப்புவேன். தெனம் காலைல எங்க குப்பைய எடுக்க வர்ற அக்கா அந்த சார்ட்ல இருக்காங்க, ஆனா என் பையனுக்கு அவங்க பேர் தெரியாது. உங்க பதிவ படிச்ச அன்னைக்கு கேட்டேன், தெரியல. எனக்கும் தெரியல. மறுநாள் கேட்டு தெரிஞ்சுக்கிட்டோம்.

எனக்கு கை கொடுத்த ஒரு வழி சொல்றேன். சூப்பர் மார்க்கெட் பில்ல தூக்கி போடாம பையன்கிட்ட குடுத்தேன். கீழ சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு ரெண்டு வரி சரி சமமா இருக்கும், ஒண்ணு டெல்லிக்கு போற பங்கு, ஒண்ணு நம்ம மாநிலத்துக்கு. "சோப்பு வாங்குனதுக்கு நாம ரெண்டு கவர்மெண்டுக்கும் காசு குடுத்திருக்கோமா"ன்னு கண்ண விரிச்சு கேட்டான். அதுக்கப்பறம் ரோட்ல பள்ளத்த பாத்தா "நம்ம காசு என்னாச்சும்மா"ன்னு கேக்கறான். கவர்மெண்ட் சும்மா குடுக்குதுங்கற எண்ணமே அவனுக்கு வரல.

கல்வெட்டு ரசிகன் எழுதியது:

நல்ல இழை. ஆனா எல்லாமே கொறையாவே பேசறோமோன்னு தோணுது. புள்ளைங்களுக்கு பெருமையும் வேணும்ல? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சொவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு இருக்கு, கி.பி. 921. ஊர 30 குடும்பா (இப்பத்த வார்டு மாதிரி) பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேர ஓலைல எழுதி, குடத்துல போட்டு குலுக்கி, எதுவும் அறியாத ஒரு சின்ன பையன விட்டு எடுக்க சொல்லியிருக்காங்க. கணக்கு காட்டாதவன், அவனோட சொந்தக்காரன் யாரும் நிக்கவே கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே! நான் ஒரு பள்ளிக்கூடத்துல போய் இத நடிச்சு காட்ட சொன்னேன், கொடம் கொண்டு வந்து, பனை ஓலை நறுக்கி, ஒண்ணாப்பு பையன் ஒருத்தன கூப்பிட்டு எடுக்க வச்சோம். அவன் கைய முழங்கை வரைக்கும் உள்ள விட்டு தொழாவி எடுத்தப்ப மொத்த ஸ்கூலும் மூச்ச புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. அந்த பாடம் யாருக்கும் மறக்காது.

வாய்க்கா மேடு எழுதியது:

> புள்ளைங்களுக்கு பெருமையும் வேணும்ல

வேணும் சார், கண்டிப்பா வேணும், நீங்க சொன்ன நாடகத்த நானும் பாக்க ஆசைப்படறேன். ஆனா அதே கல்வெட்டுல இருக்கற மீதியையும் சேத்து சொல்லணும். 35லேருந்து 70 வயசுக்குள்ள இருக்கணும், கால் வேலிக்கு மேல வரி கட்டற சொந்த நெலம் இருக்கணும், சொந்த மனைல வீடு, வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிரமதேய ஊர் சபை, அதாவது பிராமணர்களுக்கு தானமா குடுத்த ஊர். அப்ப அந்த குடத்துல பெண்கள் பேர் இல்ல, அந்த நெலத்துல எறங்கி ஒழைச்சவன் பேரும் இல்ல. நாடகம் முடிஞ்சதும் "இந்த க்ளாஸ்ல இருக்கறவங்கள்ல யார் பேர் அன்னைக்கு குடத்துக்குள்ள போயிருக்கும்"னு கேளுங்க. அப்பறம் இன்னைக்கு 18 வயசானா எல்லாரும் வாக்காளர் பட்டியல்ல பேர் சேக்கலாம், உள்ளாட்சில பாதி எடம் பெண்களுக்குன்னு 2016ல சட்டம் திருத்தியிருக்காங்கன்னு சொல்லுங்க. பெருமை அங்க வரும், எனக்கு அங்கதான் வருது.

கல்வெட்டு ரசிகன் எழுதியது:

நீங்க சொல்றது சரி. அத நான் நாடகத்துல சேக்கல, அடுத்த தடவ சேக்கறேன்.

ரிட்டயர்ட் எச்எம் எழுதியது:

ஓட்டு பேச்சு வந்ததால ஒண்ணு. நான் வருஷா வருஷம் வகுப்பு தலைவர் தேர்தல் வைப்பேன். நம்ம பள்ளிக்கூடம்தானே வாக்குச்சாவடி, தேர்தல் முடிஞ்சும் சொவத்துல அந்த நம்பர் அழியாம இருக்கும், அதுக்கு கீழயே மேசைய போட்டு, அட்டைப்பெட்டில மறைப்பு வச்சு, எடது கை ஆள்காட்டி வெரல்ல ஸ்கெட்ச் பேனா மை வச்சு நடத்துவோம். நெஜ மை மைசூர்லேருந்து வருதுன்னும் சொல்லுவேன்.

ஒரு வருஷம் ஒரு பையன் முந்தின நாளே எல்லாருக்கும் தேன்மிட்டாய் வாங்கி குடுத்துட்டான். நான் தேர்தல நிறுத்தல. ஓட்டு போட்டு முடிஞ்சதும் பொட்டிய திறக்காம வச்சுக்கிட்டு, மிட்டாய் வாங்கினவங்க அவனுக்கேதான் போடணுமான்னு கேட்டேன். ஒரு மணி நேரம் சண்டை. கடைசில அவனே எழுந்து "மிட்டாய் வேற ஓட்டு வேற சார்"னான், அப்பறம்தான் எண்ணினோம். அவன் தோத்தான்.

இன்னொரு வருஷம் ஒரு பொண்ணு வந்து காதோட கேட்டுச்சு, "யாருக்கு போட்டேன்னு அண்ணன் கேட்டா சொல்லணுமா சார்?" அவ அண்ணனும் அதே பள்ளி, அவன் சிநேகிதன் போட்டில நிக்கறான். சொல்ல வேணாம்மா, அதுக்குத்தான் அந்த அட்டைன்னேன். அந்த பொண்ணு முகத்துல வந்த நிம்மதிய பாத்தப்பதான் ரகசிய வாக்கெடுப்புன்னா என்னன்னு எனக்கே முழுசா புரிஞ்சுது.

நொய்யல் கரை எழுதியது:

எல்லாத்தையும் படிச்சனுங்க. வாய்க்கா மேடு தம்பி, அந்த செவப்பு மை கதை மனச என்னமோ பண்ணிருச்சுங்க, நான் அப்படி நெனச்சு சொல்லல. ஆனா எனக்கு இன்னும் ஒரு பயம் இருக்குதுங்க, எல்லா டீச்சரும் இந்த டீச்சர் மாதிரி பக்குவமா சொல்லுவாங்கன்னு சொல்ல முடியாது. பக்குவமில்லாதவங்க வாய்ல இது வந்தா வம்பாயிருமுங்க. அதனால பேசறத விட அந்த எச்எம் ஐயா சொன்ன மாதிரி நடந்து அளக்கறது எனக்கு சரின்னு படுது. என் பொண்ணுகிட்ட எங்க ஊர் படம் வரைய சொன்னேன். என்ன வரைஞ்சான்னு இங்க எழுத மாட்டனுங்க. நாளைக்கு அவளோட நானும் நடக்கறேன்.

அஞ்சாப்பு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, பதில் எழுத ரெண்டு வாரம் ஆயிருச்சு. எழுதறதுக்கு முன்னாடி செஞ்சு பாத்துடணும்னு இருந்தேன்.

மொதல்ல எச்எம்மோட பேசினேன், அப்பறம் எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல சொன்னேன், ஊருக்குள்ள புள்ளைங்கள கூட்டிட்டு போறோம்ல, பெத்தவங்களுக்கு தெரியணும். ரெண்டு அம்மாங்க கூடவே வந்தாங்க. குழுவ நான் பிரிச்சேன், ஒவ்வொண்ணுலயும் எல்லா தெரு புள்ளைங்களும். ஒரு குழு எட்டு எண்ணுச்சு, ஒரு குழு தெருவெளக்கு, ஒரு குழு தண்ணி கொழா, ஒரு குழு குப்பை தொட்டியும் சாக்கடையும். அந்த பையன தெருவெளக்கு குழுல போட்டேன், நோட்டும் பென்சிலும் அவன்கிட்ட. வேற ஒண்ணும் சொல்லல.

ரெண்டு நாள் காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி நடந்தோம். பெரிய தெருல வெளக்கு 14, வாய்க்காலுக்கு அந்தாண்ட 3. எரியுதான்னு பகல்ல எப்படி டீச்சர் தெரியும்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, அப்ப ராத்திரி அவங்கவங்க தெருல பாத்துட்டு வந்து சொல்றதுன்னு அவங்களே முடிவு பண்ணாங்க. மறுநாள் வந்த கணக்கு, பெரிய தெருல 12 எரியுது, அந்த பக்கம் 1. கரும்பலகைல நான் எழுதல, அந்த பையன்தான் எழுதினான். 14க்கு 12, 3க்கு 1. க்ளாஸ் அமைதியா இருந்துச்சு. "கம்மியா இருக்கற எடத்துலதானே டீச்சர் மொதல்ல சரி பண்ணணும்"னு ஒரு பையன் சொன்னான், அவன் பெரிய தெரு பையன்.

கொழாய எண்ணப் போன குழு குழாய் எங்கேருந்து வருதுன்னு தொடந்து போய் மேல்நிலைத் தொட்டி வரைக்கும் போயிருச்சுங்க. தொட்டி வாய்க்காலுக்கு அந்தாண்டதான் இருக்கு, நான் அஞ்சு வருஷமா பாக்கற தொட்டிதான், ஆனா எனக்கும் இது ஒரு நாளும் தோணல. "எங்க வீட்டுக்கு வர்ற தண்ணி இங்கேருந்தா வருது"ன்னு அன்னைக்கு என்கிட்ட பதில் சொன்ன அதே பொண்ணு கேட்டுச்சு. அந்த தெரு பாட்டி ஒருத்தங்க எல்லாத்துக்கும் சொம்புல தண்ணி கொண்டு வந்தாங்க. குடிச்சுதுங்க. யார் குடிக்கறா யார் குடிக்கலன்னு நான் பாக்க கூடாதுன்னு இருந்தேன், ஆனா பாத்துட்டேன். ரெண்டு புள்ளைங்க குடிக்கல. தாகம் இல்ல டீச்சர்னு சொல்லிச்சுங்க. நான் ஒண்ணும் சொல்லல. இது ஒரே நாள்ல முடியற வேலை இல்லன்னு எனக்கு தெரியும்.

தமிழய்யா சொன்ன நாம், நாங்கள் பாடத்த அதுக்கு அடுத்த நாள் நடத்தினேன். நாங்கள்னு போட்டிருந்தா யார் விட்டுப்போவாங்கன்னு கேட்டதுக்கு வந்த மொத பதில் "நீங்க டீச்சர், நீங்க வெளியூர்ல". அப்பறம் சமைக்கற ஆயா, ரோடு போட வந்த வடக்கத்தி அண்ணனுங்க, வெளிநாடு போன ஒரு பையனோட அப்பா. வாய்க்கால பத்தி யாரும் பேசல, நானும் இழுக்கல. ஆனா பெரிய சார்ட் வரைய உக்காந்தப்ப அந்த தெருவுக்கு என்ன பேர் எழுதறதுன்னு கேள்வி வந்துச்சு. நான் வாய தெறக்கறதுக்குள்ள அந்த பையன் சொன்னான், "மருதடித் தெரு". வாய்க்கா ஓரம் முன்னாடி பெரிய மருத மரம் இருந்துச்சாம், அவன் தாத்தா சொல்லியிருக்கார். மூணாவது குழு பொண்ணு அத எழுத்துப்பிழை இல்லாம எழுதிச்சு.

வாய்க்கா மேடு அண்ணா, அப்ப உங்கள நெனச்சேன்.

ஊராட்சி கிளார்க் எழுதியது:

ரொம்ப நல்ல வேலை டீச்சர். அந்த வெளக்கு கணக்க அப்படியே விடாதீங்க. புள்ளைங்க கிராம சபைல வந்து உக்காரலாம், ஆனா தீர்மானத்துல பேசறது வாக்காளர்தான். அதனால எஸ்எம்சில தீர்மானம் போட்டு அத ஆகஸ்ட் 15 கிராம சபைல வைங்க. எஸ்எம்சில முக்கால்வாசி பெத்தவங்கதான், அவங்கள்ல ஒருத்தர் படிக்கட்டும். கம்பம் நம்பர் ஒவ்வொரு கம்பத்துலயும் எழுதியிருக்கும், எரியாத கம்பத்து நம்பர குறிச்சு குடுத்தா வேலை சீக்கிரம் நடக்கும். தீர்மான நோட்டுல ஏறிச்சான்னு பாத்துட்டுத்தான் எழுந்திருக்கணும், இது ரொம்ப முக்கியம்.

அஞ்சாப்பு டீச்சர் எழுதியது:

ஆகஸ்ட் 15 முடிஞ்சுது. கொடியேத்தி மிட்டாய் குடுத்ததும் எப்பவும் புள்ளைங்க ஓடிப்போயிடும், இந்த தடவ 23ல 17 பேர் மரத்தடியிலேயே உக்காந்திருந்துச்சுங்க. வந்தவங்கள எண்ணி கோரம் இருக்கான்னு பாத்தது ஒரு நாலாப்பு பொண்ணு, மூணு தடவ எண்ணிச்சு. மருதடித் தெரு அம்மா ஒருத்தங்க எஸ்எம்சி தீர்மானத்த படிச்சாங்க, குரல் நடுங்குச்சு ஆனா நிறுத்தாம படிச்சாங்க. சார்ட்ட ரெண்டு புள்ளைங்க தூக்கி பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு பெரியவர் "இதெல்லாம் புள்ளைங்க வேலையா"ன்னு கேட்டார். எச்எம் எழுந்து "பாடத்துல இருக்குங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. தீர்மானம் நோட்டுல ஏறிச்சு, கிளார்க் சார் சொன்னபடி எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தோம்.

பத்து நாள் ஆச்சு. ரெண்டு பல்ப்ல ஒண்ணு மாத்திட்டாங்க. இன்னொரு கம்பத்துல ஒயரே இல்லையாம், ஈபிக்கு எழுதியிருக்காங்களாம். கம்பம் யாருது பல்ப் யாருதுன்னு புள்ளைங்களுக்கு இப்ப நல்லா தெரியும், அதனால அடுத்த லெட்டர் ஈபிக்குன்னு ரெடியாகுது.

அடுத்த பாடம் போக்குவரத்து. பஸ் வழித்தடம் படம் வரைய ஆரம்பிச்சாச்சு. மினி பஸ் பெரிய தெரு முக்குலயே திரும்பிடுது, பாலம் தாண்டி மருதடித் தெருவுக்கு வர்றதில்ல. பாலம் பலமா இல்லையா, ரோடு அகலம் பத்தலையா, வேற காரணமான்னு க்ளாஸ்ல ஒரே விவாதம். நாளைக்கு பாலத்த அளக்க போறோம். இத யாருகிட்ட கேக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊராட்சி கிளார்க் எழுதியது:

மினி பஸ் ரூட் எங்க கைல இல்ல டீச்சர், ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்கணும். பாலத்தோட அகலத்தையும் லெட்டர்ல எழுதிடுங்க.